பனச்சமூட்டு ஆசிரியைமார்

தென் திருவிதாங்கூரில் மரத்தின் பெயரால் ஊரை அழைக்கும் வழக்கம் மிகுதி. 'மூடு' என்றால் மரத்தின் அடி. தென்னை மூடு, பலா மூடு என்று இப்பகுதியார் இன்றும் பேசக் கேட்கலாம். பனச்சமூடு என்பதும் பனிச்சை மரத்தடி என்றே பொருள்படும்.

இவ்வூருக்கு ஒருபுறம் வெள்ளறடை; அது திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது. மறுபுறம் அருமனை, அது கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு தாலுகா. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் சேர்க்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் கேட்டனர். அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு நிலத்தின்மேல் விழுந்ததேயன்றி, இங்குள்ள மக்களின் கொள்வினை கொடுப்பினையில் விழவில்லை. அருமனைப் பெண் வெள்ளறடைக்கு வாழ்க்கைப்படுகிறாள். பாறசாலைப் பெண் குழித்துறைக்கு வருகிறாள். தாலி எல்லையைக் கடக்கிறது. உத்தியோகம் கடப்பதில்லை. நாம் இங்கு எழுதப் புகுந்தது அதைப்பற்றியே.

ரப்பர்த் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் நிறைந்த இந்நாட்டில் விடியல் சீக்கிரம் தொடங்கிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குச் செல்லும் ஆடவர் ஒருபுறம் இறங்க, தோளில் பையும் கையில் குடையுமாக ஆசிரியைமார் மறுபுறம் சந்திப்பை நோக்கி நடக்கிறார்கள். சம்பா அரிசி வேக நேரம் பிடிக்கும். ஆகவே அவர்கள் அடுப்பு மூட்டிய நேரத்தை நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். கேரள அரசுப் பேருந்தும் தமிழக அரசுப் பேருந்தும் இவ்வட்டாரத்தில் ஓடுகின்றன. சிலர் களியக்காவிளை சென்று வேறு வண்டி மாறுவர். சிலர் பாறசாலையில் இரயிலேறுவர். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு 1979-இல் இருப்புப்பாதை திறந்தபின் தலைநகருக்கும் நாகர்கோவிலுக்கும் நாள்தோறும் போய்வருவது பலருக்குக் கைகூடியது.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் இந்நிலை இல்லை. 1817-இல் இராணி கௌரி பார்வதிபாயி கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அடுத்த ஆண்டு மீட் பாதிரியாரும், 1819-இல் மால்ட் தம்பதியரும் நாகர்கோவிலுக்கு வந்து பள்ளிகளை வளர்த்தனர். பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தியதில் மால்ட் அம்மையாரின் பங்கு பெரிது. அக்காலத்து ஊர்ப்பள்ளி ஆசான் அவ்வூரிலேயே குடியிருந்தார். மிஷன் பள்ளியில் கற்பித்த உபதேசியாரின் வீடு கோயிலை ஒட்டியே இருந்தது. ஊதியம் சொற்பம்தான், ஆனால் பள்ளி மணிக்கும் வீட்டு அடுப்புக்கும் இடையே தூரம் என்று ஒன்று இருக்கவில்லை.

இன்று அந்தத் தூரம் எவ்வளவு? இதற்கு விடை யார் எந்தப் பள்ளியில் பணியாற்றுகிறார் என்பதைப் பொறுத்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் நியமனம் பெற்றவர் பாக்கியசாலி. அவரை நியமிப்பது நிர்வாகமாதலால் பெரும்பாலும் அருகிலேயே இருந்துவிடுகிறார். கேரளத்தில் 1958-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப்பின் இத்தகைய பள்ளி ஆசிரியருக்கும் அரசே சம்பளம் வழங்குவதால் அவ்வேலைக்கு உள்ள போட்டியைச் சொல்லவேண்டியதில்லை. அரசுப் பள்ளிக்குச் செல்வோர் நிலை வேறு. கேரளத்துப் பணித்தேர்வாணையம் மாவட்டவாரியாக ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிறது. தென்கோடியில் இடமில்லாதவர் வடகோடியில் விண்ணப்பிக்கிறார். பாறசாலைக்காரர் காசர்கோட்டில் பணியேற்றால் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தமிழ்வழி ஆசிரியர் பாடு இன்னும் சுருங்கியது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பது திருவனந்தபுரம், பாலக்காடு, இடுக்கி என்று சில மாவட்டங்களில்தான். ஆதலால் இப்பக்கத்துத் தமிழ்ப் பெண் தேவிகுளத்துத் தேயிலை மலைக்குச் சென்றுதான் தமிழ் சொல்லிக்கொடுக்க நேர்கிறது. 1956-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350-ஏ பிரிவு, சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க வழிசெய்யவேண்டும் என்கிறது. அந்தக் கல்வியைச் சுமந்து செல்பவள் தன் பிள்ளையைப் பிரிந்து செல்கிறாள் என்பது எந்தப் பிரிவிலும் வராது.

தமிழகத்தில் நியமனம் மாநிலம் தழுவியது. கன்னியாகுமரி மாவட்டம் படிப்பில் முந்திய மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் மிகுதி, உள்ளூரில் காலியிடம் குறைவு. ஆகவே திருவள்ளூர், விழுப்புரம், கிருஷ்ணகிரி என்று வடக்கே செல்கிறார்கள். கலந்தாய்வுகளில் படிப்படியாகத் தெற்கே இறங்கி வருகிறார்கள். கணவன் மனைவி ஒரே இடத்தில் பணிபுரியச் சலுகை உண்டு. ஆனால் கணவன் கேரளத்து ஊழியனாகவும் மனைவி தமிழகத்து ஆசிரியையாகவும் இருந்தால்? இரு அரசுகளின் பேருந்தும் எல்லை கடக்க ஒப்பந்தம் இருக்கிறது. அப்பேருந்தில் ஏறும் ஆசிரியை மறுமாநிலப் பள்ளிக்கு மாறுதல் பெற வழியில்லை. தகுதித் தேர்வும் இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனி.

நாம் சந்தித்த ஆசிரியை ஒருவர் தமிழகப் பக்கம் பிறந்தவர், கேரளப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். கணவர் வளைகுடா நாட்டில். வட மாவட்டம் ஒன்றில் ஏழாண்டுகள் பணிபுரிந்து இப்போது நாள்தோறும் போய்வரும் தூரத்துக்கு வந்திருக்கிறார். மகன் அவருடைய தாயாரிடம் வளர்ந்தான். "விடுமுறைக்கு வரும்போது அவன் என்னை டீச்சர் என்று கூப்பிடுவான், சார். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டுப் பழகிவிட்டான். பாட்டியைத்தான் அம்மா என்பான்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் இருந்த தாயார் சிரிக்கவில்லை.

விடுப்பு விஷயத்தில் எல்லையின் இருபுறமும் உள்ள வேறுபாடு வியப்பளிப்பது. தமிழக அரசு மகப்பேற்று விடுப்பை 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021-இல் பன்னிரண்டு மாதமாகவும் உயர்த்தியது. கேரளத்து அரசு ஊழியருக்கு 180 நாள். ஆக, உடன்பிறந்த இருவர் எல்லையின் இருபுறத்தும் ஆசிரியைகளாயின், ஒருத்தி ஓராண்டு குழந்தையோடு இருக்க, மற்றவள் ஆறு மாதத்தில் பள்ளிக்குத் திரும்பவேண்டும். ஆனால் ஓராண்டு கழித்து அறுநூறு கிலோமீட்டர் செல்லவேண்டிய தாயைவிட, ஆறு மாதத்தில் அடுத்த ஊருக்குச் செல்பவளே கொடுத்துவைத்தவள் என்பது நம் கருத்து. பேருந்துக் கட்டணமும் அப்படியே. தமிழகத்தில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் நீங்கியது. அதனால் பணம் மிஞ்சும், நேரம் மிஞ்சாது.

நேரத்தின் அருமையை அறியப் பள்ளி மணியைப் பார்க்கவேண்டும். கேரளத்தில் பெரும்பாலும் காலை பத்து மணிக்கே பள்ளி தொடங்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. 2025 ஜூனில் உயர்நிலை வகுப்புகளுக்கு அதை 9.45 ஆக்கி, மாலையில் 4.15 வரை நீட்டினார்கள். கால் மணி நேரம் என்ன பெரிது என்று தோன்றலாம். குறிப்பிட்ட ஒரு வண்டியை நம்பியிருப்பவருக்கு அது முந்திய வண்டியைப் பிடிக்கும் நிர்ப்பந்தமாகும்; முந்திய வண்டி என்றால் குழந்தை விழிக்கும் முன்பே புறப்பாடு.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்கவேண்டும் என்று அளவு குறித்திருக்கின்றன. நல்ல அளவு. கற்பிப்பவர் எத்தனை தூரத்திலிருந்து வரலாம் என்பதற்கு அதில் அளவு ஏதும் இல்லை. 2020-இல் கொள்ளைநோய்க்காக எல்லைச் சாலைகளை அடைத்தபோது, மறுபக்கம் வேலைக்குச் சென்றவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு கடக்க நேர்ந்தது. அடுத்த தெருவிலுள்ள தாய்வீடும் அப்போது வேற்றுநாடாயிற்று.

கடல் கடந்து வாழும் நம் அன்பர்களில் பலருடைய தமக்கையோ அண்ணியோ இப்பேருந்துகளில் ஒன்றில் அமர்ந்து மடியில் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருக்கக்கூடும். ஊருக்குத் தொலைபேசியில் பேசுவோர் மாலை ஆறு மணிக்குமேல் அழைப்பது நல்லது. அதற்கு முன் அவர்கள் வீடு சேர்ந்திருக்கமாட்டார்கள்.