திருப்பியும் திரும்பாத வண்டி

எம் மூத்த மகன் அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் பந்தயம் ஓட்டுகின்றான் என்னும் செய்தி உறவினர் ஒருவர் வாயிலாக எம் செவிக்கு எட்டியபோது, நாம் நான்கு நாள்கள் அவனுடன் தொலைபேசியில் பேசவில்லை. ஈட்டிய பொருளை டயருக்கும் பெட்ரோலுக்கும் இறைக்கின்றானே என்னும் வருத்தம் ஒருபுறம் இருந்தது. அதனினும் பெரிய காரணம் வேறு. அதை முதலில் கூறிவிடுகின்றோம்.

2009ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியை ஓட்டியவர் எம் தம்பி. அருகில் நாம். பின்னிருக்கையில் எம் உம்மா. மஃரிபு தொழுகைக்குப் பின் ஊரில் ஒரு நிகாஹ். ஓதிவைக்க வேண்டியவர் நாம். நெடுநாள் காய்ந்து கிடந்த சாலையில் பருவத்தின் முதல் மழை அப்போதுதான் பெய்து ஓய்ந்திருந்தது. வலப்பக்கம் திரும்பும் வளைவு ஒன்றில் வண்டி திரும்பவில்லை. நேரே சென்று இடப்பக்கத்துப் பனைமரம் ஒன்றில் மோதி நின்றது. எமக்கும் தம்பிக்கும் சிராய்ப்பு மட்டுமே. உம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் பிறர் தோள் பற்றாமல் அவர்கள் நடந்ததில்லை. 2013இல் வஃபாத்தானார்கள்.

அன்றிரவு மருத்துவமனை வாசலில் தம்பியை நோக்கி, ஏன் திருப்பவில்லை என்று கேட்டோம்.

“திருப்பினேன் காக்கா. வண்டிதான் திரும்பல.”

இதுவும் ஒரு விடையா என்றிருந்தது எமக்கு. மறுநாள் வண்டியைப் பார்க்கச் சென்றோம். முன்சக்கரங்கள் இரண்டும் வலப்பக்கமாக முற்றிலும் திரும்பிய நிலையில் நின்றன. மோதிய அதிர்ச்சியில் அவ்வாறு திரும்பியிருக்கும் என்று முடிவு செய்துகொண்டோம். தம்பி பொய் கூறினார் என்று நாம் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நம்பியதுமில்லை. அவர் அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. குடும்பத்தார் கூடியிருக்கும் இடத்தில் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேச்செழுந்தால் நாம் ஏதேனும் ஒரு சொல் உதிர்ப்பதும், அவர் எழுந்து திண்ணைக்குச் செல்வதும் வழக்கமாயின.

2023 ஆகஸ்டில் மகனைக் காண மிச்சிகன் மாநிலத்திற்குச் சென்றிருந்தோம். “ஒரு தடவை வந்து பாத்துட்டுத் திட்டுங்க வாப்பா” என்றான். சென்றோம்.

நாம் எண்ணியிருந்தவாறு பல வண்டிகள் முண்டியடித்து ஓடும் பந்தயம் அன்று அது. ஆட்டோகிராஸ் என்பது அதன் பெயர். பரந்த வாகன நிறுத்துமிடத்தில் சிவந்த ரப்பர்க் கூம்புகளை நட்டு, நெளிவும் சுழிவுமாக ஒரு பாதை அமைக்கின்றார்கள். ஒவ்வொரு வண்டியும் தனியே, கடிகாரத்துடன் மட்டும் போட்டியிட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அதை ஓடி முடிக்க வேண்டும். ஒரு கூம்பைச் சாய்த்தால் கணக்கில் 2 விநாடி கூடும். வழி தவறினால் அந்தச் சுற்றே கணக்கில் இல்லை. நெடுஞ்சாலையில் செல்லும் வேகத்திற்குமேல் பெரும்பாலும் போவதில்லை. மோதுவதற்கு மரமும் இல்லை, மதிலும் இல்லை. 1944இல் தோன்றிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்னும் கழகம் இதனைச் ‘சோலோ’ என்னும் பெயரில் நடத்துகின்றது. அதன் தேசியப் போட்டி 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில், பழைய விமானத் தளத்தின் காங்கிரீட் பரப்பில் நடைபெற்று வருகின்றது. நம் சோழவரத்திலும் போர்க்கால விமானத் தளத்தில்தான் முன்னாளில் பந்தயங்கள் நடந்தன என்பதை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம்.

பணையம் உண்டா என்று கேட்டோம். இல்லை என்றான். நுழைவுக் கட்டணம் கூம்புக்கும் இடவாடகைக்கும் போய்விடுகின்றதாம். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளி வரையும் ஓட்டம் வைத்ததையும், அதில் இப்னு உமர் (ரலி) அவர்கள் கலந்துகொண்டதையும் மாணவர்களுக்குப் பன்முறை பாடம் நடத்தியவர் நாம். எதிர்வாதம் செய்ய எமக்கு வாய் எழவில்லை.

போட்டிச் சுற்றுகள் முடிந்தபின் விருப்பத்திற்கு ஓட்டும் சுற்றுகளில் அருகே ஒருவரை அமர்த்திக்கொள்ள இசைவு உண்டு. தொப்பியைக் கழற்றி ஹெல்மெட்டை மாட்டினார்கள். மகனுடையது ஹோண்டா சிவிக், முன்சக்கரங்களால் இழுக்கப்படுவது. மூன்றாம் வளைவில் மூக்கு கூம்புகளை நோக்கி நேரே செல்லக் கண்டு, நாம் நம்மை மறந்து “திருப்பு, திருப்பு” என்று கூவினோம். பெற்றவன் குரலுக்கு அடங்கி வளர்ந்த பிள்ளை, இன்னும் திருப்பினான். வண்டி முன்னைவிடப் பிடிவாதமாக நேரே சென்று மூன்று கூம்புகளை உருட்டிற்று.

“இந்தத் தடவை நீங்க ஒன்னும் பேசக் கூடாது வாப்பா” என்று கூறி மறுபடியும் ஓட்டினான். அதே வளைவு. அதே கூம்புகள். இம்முறை மூக்கு நேரே செல்லத் தொடங்கியதும் அவன் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. சற்றே தளர்த்தி எதிர்த்திசையில் விட்டான், ஆக்சிலரேட்டரிலிருந்து காலையும் மெல்லத் தூக்கினான். வண்டி தலைகுனிந்தாற்போல் முன்புறம் தாழ்ந்து, வளைவுக்குள் பணிவாக நுழைந்தது. எமக்கு வியர்த்துவிட்டது.

அன்று மாலை தேநீர்க் குவளையுடன் அமர்ந்து கேட்டறிந்ததை எழுதுகின்றோம். மகன் பொறியாளன், நாமோ நஹ்வும் ஸர்ஃபும் படித்தவர். பிழையிருப்பின் அது எம் விளக்கத்தின் பிழையாகும்.

முன்சக்கரம் பார்க்கும் திசைக்கும் வண்டி உண்மையில் போகும் திசைக்கும் இடையே ஒரு கோணம் விழுகின்றது. அக்கோணம் வளர வளர டயரின் பிடிப்பும் வளர்கின்றது. ஆனால் ஓர் எல்லை வரைதான். சாதாரண டயருக்கு அந்த எல்லை ஏறத்தாழ 10 பாகைக்குள் வந்துவிடுகின்றது. அதைக் கடந்து எவ்வளவு திருப்பினாலும் டயர் சறுக்குமே ஒழியப் பற்றாது. இந்நிலையை ‘அண்டர்ஸ்டியர்’ என்கின்றார்கள். வளையாமை என்று நாம் சொல்லலாம். மேலும் டயருக்கு உள்ள பிடிப்பு ஒரே கைப்பிடி அளவு. அதையே பிரேக்குக்கும், திருப்பத்திற்கும், இழுவைக்கும் பங்கிட வேண்டும். பிரேக்குக்கு முழுவதும் கொடுத்துவிட்டால் திருப்பத்திற்கு மிஞ்சாது. ஆதலின் தேர்ந்த ஓட்டுநர் வளைவுக்கு முன்னரே நேர்க்கோட்டில் வேகத்தைக் குறைத்து, பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே உள்ளே நுழைகின்றார். அப்போது பாரம் முன்சக்கரங்களின் மேல் நிற்கின்றது. பிடிப்பும் அங்கே நிற்கின்றது.

எம் மதரஸாவில் ‘ளாத்’ எழுத்து வராத சிறுவன் நாவை இன்னும் அழுத்துவான், நா கட்டையாகும், ஒலி இன்னும் கெடும். நாவைத் தளர விடு என்போம். முப்பதாண்டுகளாக அதைச் சொல்லி வந்தவர்க்கு ஸ்டியரிங்கைத் தளர்த்துவது ஏன் புதிதாயிருந்ததோ!

வண்டியையும் திருத்தலாம் என்றான். சாதாரண வண்டிகள் வளைவில் மிகைப்பட்டால் பின்புறம் சுழலாமல் முன்புறம் சறுக்கும்படியாகவே தொழிற்சாலையில் அமைக்கப்படுகின்றனவாம். பழகாத ஓட்டுநருக்கு அதுவே பாதுகாப்பு. ஆட்டோகிராஸுக்கு அவ்வளவு வளையாமை ஆகாது. எனவே பின்னச்சில் தடித்த ஆன்டி-ரோல் பார் ஒன்றைப் பொருத்தியிருந்தான். வளைவில் வண்டி சாயும்போது உட்புறத்துப் பாரம் வெளிப்புறச் சக்கரத்திற்கு மாறுகின்றது. டயரின்மேல் பாரம் இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை. ஆகவே பாரம் மாற மாற அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறைகின்றது. பின்புறச் சட்டம் விறைத்திருந்தால் பாரமாற்றத்தின் பெரும்பங்கை அது ஏற்றுக்கொள்கின்றது. முன்புறத்துக்கு அந்த அளவு விடுதலை. அதனாற்றான் அவன் வண்டி கூரிய வளைவில் உட்புறப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிற்று. அதைக் கண்டபோது எம் நினைவுக்கு வந்த உவமையை இவ்விதழில் எழுதுவதற்கில்லை.

முன்சக்கரங்களின் மேற்புறத்தைச் சிறிது உள்நோக்கிச் சாய்த்திருந்தான், கேம்பர் என்பர். வண்டி சாயும்போது வெளிச் சக்கரம் நிமிர்ந்து தரையில் முழுப்பட நிற்பதற்காக. எமக்கு மிகவும் பிடித்தது சாக்பீஸ் முறை. டயரின் ஓரத்தில் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் இழுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வருகின்றார்கள். கோடு பக்கச்சுவர் வரை வெகுவாக அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் புரண்டிருக்கின்றது. அழியவே இல்லையெனில் காற்று மிகுதி. கரும்பலகையோடு வாழ்ந்தவருக்கு இதில் ஒரு சொந்தம் தோன்றாதா?

“ஆனா வாப்பா, எத்தனை மாத்தினாலும், உள்ளே வர்ற வேகம் கூடினா ஒன்னும் நடக்காது” என்றான். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவுக்கு வேண்டிய பிடிப்பைக் காட்டிலும் 50 கிலோமீட்டரில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டுமாம். ஈரத் தரையிலோ இருக்கும் பிடிப்பே குறைவு. நெடுநாளைக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து அது இன்னும் குறையும்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின் அவனே தொடர்ந்தான். சாச்சா ஓட்டிய வண்டியில் ஏபிஎஸ் இல்லை. அச்சத்தில் பிரேக்கை முழுதும் மிதித்திருப்பார். முன்சக்கரங்கள் உருளாமல் பூட்டிக்கொண்டிருக்கும். உருளாத சக்கரத்தை எத்திசையில் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும்.

“சாச்சா சொன்னது உண்மைதான் வாப்பா.”

வலப்பக்கமாக முற்றிலும் திரும்பியிருந்த அந்தச் சக்கரங்கள் எம் கண்முன் நின்றன. சான்று எம் எதிரிலேயே இருந்தது; நாம் அதற்கு வேறு பொருள் கற்பித்தோம். ஒன்றை அதற்குரிய இடத்தினின்று நீக்கி வேறிடத்தில் வைப்பதே ‘ளுல்ம்’ என்று அகராதிக்காரர் எழுதியதைப் பாடம் சொல்லும்போது, வைத்த கை எமதாயிருக்கும் என்று நாம் எண்ணியதில்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை மகனிடம் சொல்லவில்லை. வளைவுக்கு முன்னர், மஃரிபுக்கு ஊர்போய்ச் சேரவேண்டும், சற்று விரைவாகப் போ என்று இருமுறை தம்பியை அவசரப்படுத்தியவர் நாம்.

இஷா தொழுதபின் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தோம். அங்கே காலை ஏழேமுக்கால். தம்பி கடை திறக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். டயரையும் கோணத்தையும் பற்றி நாம் சொன்னவற்றைப் பொறுமையாகக் கேட்டார். மன்னித்துவிடும்படி கேட்டோம். அந்தப் பக்கம் நெடுநேரம் ஓசையில்லை. விரைந்து போகச் சொன்னவர் நாம்தாம் என்பதையும் சொன்னோம்.

“மிதிச்ச கால் என் கால்தானே காக்கா” என்றார்.

பிறகு, இருக்கையை இழுத்துப் போட்டு அமரும் ஓசை கேட்டது.

“அந்த டயர்ல சாக்பீஸ் கோடு போடுறதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க.”