ஒன்று போனால் இன்னொன்று

ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயோடு நெடுங்காலம் இருந்தவர்களிடம் வரலாறு கேட்டால், அது பெரும்பாலும் ஒரே பயத்தின் வரலாறாக இருப்பதில்லை. பள்ளி வயதில் கிருமி பயம், ஓயாத கை கழுவல். கல்லூரிக் காலத்தில், சாமி முன்னால் நிற்கும்போது ஆபாசமான நினைப்பு வந்துவிடுகிறதே என்ற தவிப்பு. வேலைக்குப் போனபிறகு கேஸ் அடுப்பு, கதவுப் பூட்டு. குழந்தை பிறந்ததும் அரிவாள்மனையைக் கண்டாலே நடுக்கம். வருகிறவர் இதை நாலு நோய் என்று எண்ணிக்கொண்டிருப்பார். ஒன்று சரியானால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்கிறானே என்று வீட்டார் சலித்துப்போயிருப்பார்கள். சிகிச்சை தருகிறவர்களிலும் சிலர், ஒவ்வொரு பயத்துக்கும் அடியிலிருந்து புதிதாகத் திட்டம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். பயத்தின் பொருள் மாறியதை நோயே மாறிவிட்டதாகவோ சிகிச்சை தோற்றுவிட்டதாகவோ எடுத்துக்கொள்வது தவறு என்பது என் கட்சி. துளியும் சந்தேகமில்லாத உறுதி வேண்டும் என்ற பிடிவாதமும், அதைப் பெறுவதற்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் காரியங்களும், அதாவது சடங்குகளும், எல்லாப் பயத்துக்கும் பொதுவாக இருக்கின்றன. சிகிச்சை கைவைக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில், மாற்றம் உண்மைதானா? ஸ்வீடனைச் சேர்ந்த மனநல மருத்துவர் குன்னார் ஸ்கூக், 1947 முதல் 1953 வரை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பின்னர் தாம் பரிசோதித்த ஓசிடி நோயாளிகளில் 144 பேரைச் சுமார் 40 ஆண்டுகள் கழித்து மறுபடியும் பரிசோதித்தார். 1999இல் வெளியான அந்த ஆய்வில், 83 சதவீதத்தினரின் நிலை முன்னேறியிருந்தது. 58 சதவீதத்தினருக்கு அறிகுறிகளின் தன்மை இடையில் மாறியிருந்தது. அமெரிக்காவில் 79 சிறுவர் சிறுமியரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 1992 ஆய்வில், தொடக்கத்தில் இருந்த அறிகுறிக் கூட்டம் மாறாமல் அப்படியே இருந்த பிள்ளை ஒருவர்கூட இல்லை. இதற்கு எதிராக ஓர் ஆய்வைக் காட்டலாம். டேவிட் மடைக்ஸ்-கோல்ஸ் குழு 117 பெரியவர்களை 2 ஆண்டுகள் கவனித்து, அறிகுறிகள் பெரிதும் நிலையானவை என்று 2002இல் எழுதியது. ஆனால் அவர்கள் பார்த்தது தனித்தனிப் பயத்தை மட்டும் அல்ல, பயத்தின் வகையையும். மாற்றம் நடந்தபோது அது பெரும்பாலும் ஒரே வகைக்குள் நடந்திருந்தது. அழுக்கு பயம் பூச்சிமருந்து பயமாகலாம், பூட்டைப் பார்ப்பது சுவிட்சைப் பார்ப்பதாகலாம். 2 ஆண்டில் ஒருவர் தெரு மாறுகிறார். ஊரே மாறுவதற்கு அதிக காலமோ இளம் வயதோ வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த ஆய்வுகளுக்குள் சண்டை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஏன் அந்தந்த நேரத்தில் அந்தந்தப் பயம்? 1978இல் ஸ்டான்லி ராக்மனும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மால் டி சில்வாவும், நோய் இல்லாதவர்களுக்கும் இதே மாதிரியான எண்ணங்கள் வருகின்றன என்று காட்டினார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில், 13 நாடுகளைச் சேர்ந்த 777 மாணவர்களில் சுமார் 94 சதவீதத்தினர், கடந்த 3 மாதத்தில் அப்படி ஓர் எண்ணமாவது வந்ததாகச் சொன்னார்கள். ரயில் நுழையும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தோன்றும். பெரும்பாலோருக்கு அது வந்த வழியே போய்விடும். இதை நான் தடுக்காவிட்டால் நடக்கப்போவதற்கு நானே பொறுப்பு என்று ஒருவர் பொருள்கொள்ளும்போதுதான் அது ஒட்டிக்கொள்கிறது என்றார் பால் சால்கோவ்ஸ்கிஸ், 1985இல். பொறுப்பு வாழ்க்கையோடு கூடவே நகரும். கணக்கெழுதுகிறவருக்கு அது எண்ணில் இருக்கிறது, ஓட்டுநருக்குச் சாலையில், புதிதாகத் தாயானவருக்குத் தொட்டிலில். காலமும் தன் பங்குக்கு ஒன்றைக் கொடுக்கும்: 1980களில் எய்ட்ஸ், 2020இல் கொரோனா.

இனி, மாறாதது எது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அடுப்புத் திருகை மூடியாகிவிட்டது. கண்ணால் பார்த்தாகிவிட்டது, ஆனால் பார்த்தது மனதில் பதிந்ததா? விரலால் தொட்டுப் பார்க்கிறார். ரெகுலேட்டரையும் அணைத்துவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். வாசல்படி தாண்டியதும், அந்தப் படம் இன்றைக்கு எடுத்ததா நேற்றையதா என்ற கேள்வி. மார்சல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள், நோயில்லாத மாணவர்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கச் சொன்னார்கள். நினைவின் துல்லியம் குறையவில்லை. நினைவின் தெளிவும் அதன்மேல் இருந்த நம்பிக்கையும்தான் சரிந்தன. சரிபார்ப்பதே சந்தேகத்தை வளர்க்கிறது என்று 2003இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. இப்போது அடுப்பை எடுத்துவிட்டு ஸ்லோகத்தை வையுங்கள். நடுவில் கெட்ட வார்த்தை கலந்துவிட்டதோ என்று முதலிலிருந்து சொல்கிறார். சுத்தமாகச் சொன்னோமா என்பது ஒவ்வொரு தடவையும் இன்னும் மங்குகிறது. குழந்தையைக் குளிப்பாட்டிய நிகழ்ச்சியைத் தலைக்குள் ஓட்டிப் பார்க்கும் தாயும், அழுத்தினேனா, தடவினேனா என்று அதே வேலையைத்தான் செய்கிறார். கடைசியாகச் சொன்னதில் வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து. கை கழுவல் நின்றுவிட்டது, தண்ணீர் பில் குறைந்துவிட்டது என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும்போது, சடங்கு முழுக்க மனதுக்குள் குடிபோயிருக்கும். அறிகுறி குறைந்ததாக ஏட்டில் எழுதப்படுவதில் ஒரு பகுதி இந்தக் குடிபெயர்ச்சிதான் என்பது என் சந்தேகம்.

புதிய பயம் வரும்போதெல்லாம் கூடவே ஒரு வாக்கியமும் வரும்: ‘முன்னாடி வந்ததெல்லாம் ஓசிடிதான் டாக்டர், ஒத்துக்கிறேன். ஆனா இது நிஜம்.’ பழைய பயம் இப்போது அவருக்கே சிரிப்பாக இருக்கிறது. இருந்த காலத்தில் அதுவும் இதே அளவு நிஜமாக இருந்தது. இதை எடுத்துக்காட்டுவது பலமான வாதம், கூசாமல் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். இரண்டாம் முறையிலிருந்து ‘இதுவும் ஓசிடிதானே?’ என்று கேட்டு ‘ஆமாம்’ வாங்கிப்போவதே புதுச் சடங்காகிவிடும். அப்போது சிகிச்சை தருகிறவரும் நோயாளியின் வீட்டு அம்மாவைப் போல, ‘கேஸை மூடியாச்சுப்பா’ என்று நாளுக்குப் பத்து முறை சொல்கிறவராகிவிடுகிறார்.

மனப்பகுப்பாய்வு மரபில் வந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுவதால்தான் வேறிடத்தில் துளிர்க்கிறது என்பார்கள். 1966இல் விக்டர் மேயர் லண்டனில் இரண்டு நோயாளிகளை அவர்கள் பயந்தவற்றோடு இருக்கவைத்து, சடங்கு செய்யாமல் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்த ஈஆர்பி (பயத்தை எதிர்கொண்டு சடங்கைத் தடுக்கும்) சிகிச்சையின் நெடிய அனுபவம், வேறிடத்தில் துளிர்க்கும் என்ற கணிப்பைப் பொதுவாக மெய்ப்பிக்கவில்லை. புதுப் பயம் முளைத்த இடத்தில் தேடினால், பெரும்பாலும் விட்டுப்போன ஒரு சடங்கு அகப்படும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பொருள் முக்கியமில்லை என்றால், ஓசிடியை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் அத்தனை நீளப் பட்டியலை வைத்துக்கொண்டு, இப்போது இருக்கிறதா, முன்பு இருந்ததா என்று ஏன் கேட்கிறோம்? பயிற்சியைப் பொருளை வைத்துத்தான் வடிவமைக்க முடியும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் உண்டு: சாக வேண்டும் என்று விரும்புகிறவரையும், தன்னையே குத்திக்கொண்டுவிடுவோமோ என்று அஞ்சிக் கத்தியை ஒளித்துவைக்கிறவரையும், பிரசவத்துக்குப் பின் சைக்கோசிஸ் கண்ட தாயையும் பிரித்தறியப் பொருளைப் பொறுமையாகக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அதே அளவுகோலின் இன்னொரு பகுதியில் தீவிரத்துக்கு 40 வரை மதிப்பெண் போடும்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு இடைஞ்சல், எவ்வளவு வேதனை, எவ்வளவு எதிர்ப்பு, எவ்வளவு கட்டுப்பாடு என்று மட்டுமே கேட்கிறோம். எதைப் பற்றிய பயம் என்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

என் வாதம் தடுமாறும் ஓர் இடமும் உண்டு. தீங்கு பற்றிய பயமே இல்லாமல், படத்தை நேராக மாட்டும்வரை, சட்டை சரியாக உட்காரும்வரை உடம்பே ஒப்புக்கொள்ளவில்லை என்கிறவர்களிடம், உறுதி, பொறுப்பு என்ற பேச்சு அவ்வளவாக எடுபடாது. அவர்களோடு அந்த அரைகுறை உணர்வைச் சகித்து உட்காரத்தான் பழக வேண்டியிருக்கிறது. மற்றவர்களோடு, சிகிச்சை முடியும் கட்டத்தில் செய்யும் ஒரு வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். அடுத்த சில ஆண்டுகளில் என்னென்ன பொறுப்பு வரப்போகிறது என்று அவரையே எழுதச் சொல்வது: கல்யாணம், வண்டி வாங்குவது, அப்பாவின் ஆபரேஷன், பிரசவம். ஒவ்வொன்றிலும் பயம் எந்த வேஷத்தில் வரும், அப்போது எந்தச் சடங்கைச் செய்யக் கை பரபரக்கும் என்று அவரே ஊகித்து எழுதுகிறார். மறுபடி பார்க்க வர வேண்டிய தேதிகளையும், மூன்று மாதம், ஆறு மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், அந்தத் தாளைப் பார்த்தே குறித்துக்கொள்ளலாம்: புது வேலையில் சேர்ந்த முதல் மாதம், பிரசவத்துக்கு முன்னால் ஒரு தடவை, பிறந்த சில வாரங்களில் இன்னொரு தடவை.