புக்கரெஸ்ட் டு மியூனிக்... நாலு கால் பயணி!

பாஸ்போர்ட்டுக்காக நாமதான் போலீஸ் வெரிஃபிகேஷனுக்குக் காத்துக் கிடக்கிறோம். ருமேனியாவின் தெருநாய்க்குக்கூட பாஸ்போர்ட் கிடைக்கும், தெரியுமா ஃப்ரெண்ட்ஸ்? நீல அட்டை போட்ட ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட். கொடுப்பவர் கால்நடை டாக்டர்!

அந்த நாயின் கதை தெரியணும்னா தலைநகர் புக்கரெஸ்ட்டுக்கு வாங்க. நடு ஊரில் மலை மாதிரி நிற்கிறதே, அதுதான் பார்லிமென்ட் மாளிகை. சுமார் 1,100 அறைகள்! 1980-களில் சர்வாதிகாரி சௌசெஸ்கு இதைக் கட்டுவதற்காக, முற்றமும் தோட்டமுமாக இருந்த பழைய வீடுகளை இடித்துத் தள்ளினார். ஜனங்க அடுக்குமாடிக்குக் குடிபோனாங்க. தோட்டத்து நாய்க்கு ஃப்ளாட்டில் ஏது இடம்? தெருவுக்கு வந்தது, குட்டி போட்டது, பெருகியது.

2013 செப்டம்பரில், நாய்கள் கடித்து 4 வயசுப் பையன் ஒருவன் இறந்துபோனான். நாடே கொதித்தது. அதே மாதம் புதுச் சட்டம் வந்தது. பிடிபட்ட நாயை 14 வேலை நாளுக்குள் யாரும் கேட்டு வரலைன்னா கொல்லலாம். அந்தப் பிஞ்சின் சாவும் நிஜம், கூண்டுக்குள் நாள் எண்ணும் நாயும் நிஜம்.

இங்கேதான் வெளிநாட்டுக் குடும்பங்கள் வர்றாங்க. ஜெர்மனியில் இருந்து போட்டோவைப் பார்த்து 'இவன் எங்க பையன்'னு சொன்னா மட்டும் போதாது. முதலில் மைக்ரோசிப். அப்புறம் வெறிநோய்த் தடுப்பூசி. குட்டின்னா அதுக்கு 12 வாரமாவது ஆகியிருக்கணும். ஊசி போட்டு 21 நாள் வெயிட்டிங். பிறகு வேனில் ஹங்கேரி, ஆஸ்திரியா தாண்டி மியூனிக். சுமார் 1,500 கி.மீ!

அத்தோட சுபம் போட்டுடாதீங்க. வீடுன்னா என்னன்னே தெரியாத நாய் அது. மாடிப்படி பயம், மிக்ஸி சத்தம் பயம், தடவ நீளும் கையும் பயம். மிரண்டு ஓடிடும்னு முதல் சில வாரங்கள் கழுத்துப்பட்டையில் ஒண்ணு, மார்புப்பட்டையில் ஒண்ணுன்னு ரெண்டு கயிறு கட்டித்தான் வாக்கிங். வீட்டுப் பொடிசுகளுக்கு முதல் பாடம், 'அதுவா கிட்ட வர்ற வரைக்கும் தொடாதே!'

எல்லா நாயையும் வேன் ஏத்திட்டா தெரு காலியாகிடுமா? ஆகாது பாஸ். கருத்தடை நடக்காத ஊரில் அடுத்த ஈடு குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிடும். அதனால வேனும் வேணும், ஆபரேஷன் டேபிளும் வேணும்.

அடுத்த தடவை அந்த மாளிகை படத்தைப் பார்த்தா கொஞ்சம் யோசிங்க. அதுக்காக வீட்டை இழந்த நாய்களின் வாரிசு ஒண்ணு, இப்போ ஏதோ ஒரு மியூனிக் வீட்டு சோபாவில் குறட்டை விட்டுக்கிட்டு இருக்கலாம்!