வலிக்காத பல்லும் இரண்டு வருடக் கெடுவும்

வழக்கு காலாவதி என்றார் எதிர்தரப்பு வக்கீல். அப்போது அமலிலிருந்த 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 24ஏ பிரிவுப்படி கெடு இரண்டு வருடம். சிகிச்சை முடிந்து இரண்டரை வருடம் ஓடியிருந்தது. தென்காசி அப்போது தனி மாவட்டமாகவில்லை. சங்கரன்கோவில் வழக்கானாலும் திருநெல்வேலி நுகர்வோர் மன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

என் கட்சிக்காரர் விசைத்தறித் தொழிலாளி. ஏழாம் வகுப்புப் படித்த மகன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் முன்பல் வேரோடு கழன்றது. பல் மருத்துவர் அதைக் குழியில் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி கட்டினார். சரியான வைத்தியம், மனுவில் அதை நான் குறை சொல்லவில்லை. வேர் முற்றிய பல்லுக்கு இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்க வேண்டும். இல்லையென்றால் செத்த நரம்பில் கிருமி சேரும். வேரை வெளிப்புறமிருந்து உடம்பே கரைக்கும். இங்கே கம்பியை அவிழ்த்ததோடு சரி. மறுபடி வரச்சொல்லிச் சீட்டில் ஒரு வரி கிடையாது.

"வலின்னு ஒருநாளும் சொல்லலியே ஐயா, நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றார் தகப்பனார். வழக்கே அதில்தான் நின்றது. வேர் இப்படி அரிபடுவது பெரும்பாலும் வலிக்காது.

பல் ஆடுகிறதென்று வேறு மருத்துவரிடம் போனபோதுதான் வேர் கரைந்தது தெரிந்தது. இரண்டு எக்ஸ்ரேயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழையதில் வேர் முழு நீளத்துக்கு இருந்தது. புதியதில் பாதிகூட இல்லை. மிச்சம் கரையான் அரித்த சட்டம்போல. பக்கத்து எலும்பில் கருந்திட்டு.

"காய்ந்துபோன பல், எலும்போடு ஒட்டிக் கரைவதை யாராலும் தடுக்க முடியாது" என்றது எதிர்தரப்பு. அப்படியும் ஒரு வகை உண்டு. ஆனால் அதில் பல் ஆடாது, தட்டினால் கணீரென்று உலோகச் சத்தம் கேட்கும், கருந்திட்டு இராது. பையனுக்கு வந்த கிருமி வகையை நேரத்தில் பிடித்திருந்தால் வேரைச் சுத்தம் செய்து, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து நிறுத்தியிருக்கலாம் என்று எங்கள் தரப்புப் பல் மருத்துவர் சாட்சி சொன்னார்.

காலக்கெடுவுக்கு அவர்கள் நீட்டியது 2010-ஆம் ஆண்டு ஸ்ரீகண்டே வழக்கு. வயிற்றில் துணி விடப்பட்ட பெண், ஒன்பது வருடம் வலியோடிருந்தும் விசாரிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அதே தீர்ப்பில், விளைவு மறைந்திருந்தால் தெரியவந்த நாளிலிருந்தே கெடு என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் படித்தேன். மன்றம் ஏற்றது.

இழந்த பல்லுக்குப் பதிலாக, வளரும் பையனுக்கு இப்போது இம்ப்ளான்ட் வைக்க முடியாது. வளர்ச்சி நிற்கும்வரை கழற்றி மாட்டும் பல்தான். இம்ப்ளான்டுக்கு இன்னும் வராத செலவுக்கு பில் எங்கே என்றார்கள். மருத்துவரின் உத்தேசக் கணக்கைக் கொடுத்தேன். கேட்டதில் பாதி கிடைத்தது. அப்பீல் போகலாமா என்றேன். இனி ஒருநாள் கூலியையும் விட முடியாது என்றுவிட்டார் தகப்பனார்.