பார்வைக் கோட்டில்

பல்கலைக்கழக விடுதி முற்றத்தில் நாங்கள் ஐவர் சேர்ந்து எடுத்த நிழற்படம் ஒன்று என்னிடம் உண்டு. அதனைப் பார்க்குந்தோறும், 1877இல் மார்செய் நகரில் ஸ்ரெபான் என்னும் வானியலாளர் கண்ட ஐந்து விண்மீன் மண்டலங்கள் நினைவில் எழுகின்றன. அவற்றுள் நான்கு ஏறத்தாழ 29 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றையொன்று ஈர்த்து உருக்குலைகின்றன. அக்குலைவிலே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. ஐந்தாவதான சுருள் மண்டலமோ ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டுத் தொலைவிலேயே உள்ளது. அந்நால்வரின் ஈர்ப்பு அதனைக் குலைக்கவில்லை. நமது பார்வைக் கோட்டில் அமைந்தமையால் மட்டுமே அது கூட்டத்துள் ஒன்றாய்த் தோன்றுகின்றது.

எம் ஐவருள் ஒருவனின் தந்தையார் இறந்தபோது, ஏனைய மூவரும் இரவுப் புகையிரதமேறி அவனூர் சென்றனர். நான் பரீட்சைக்குப் படித்தேன். சிறப்பான சித்தியும் பெற்றேன்.

படத்திலே நானும் அவர்களை ஒட்டியே நிற்கின்றேன்.