மாமனாரும் த்ராட்டிலும்

ஏரோப்ளேன் ஓட்ட ஆசைப்படுபவர்கள் இரண்டு வகை. பணம் உள்ளவர்கள் ஃப்ளையிங் கிளப்புக்குப் போவார்கள். இல்லாதவர்கள் ஆபீஸ் விட்டு வந்து, லுங்கியைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். அடியேன் இரண்டாவது வகை.

இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்து வைத்தவர் புரூஸ் ஆர்ட்விக் என்கிற அமெரிக்கர். 1979-ல் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு அவர் செய்த ஃப்ளைட் சிமுலேட்டரில் மலை, வயல் எல்லாமே வெறும் கோடுகள். 1982-ல் அவருடைய சரக்கையே மைக்ரோசாஃப்ட் ஐ.பி.எம். பி.சி.க்குக் கொண்டுவந்தது. இன்றைக்குத் திரையில் மீனம்பாக்கம் ரன்வேயும் பரங்கிமலையும் அசலாகத் தெரிகின்றன. கீபோர்டில் ஓட்டினால் திருப்தி இருக்காது. ஜாய்ஸ்டிக் வாங்குவோம். அப்புறம் தனியாக த்ராட்டில் பெட்டி. பெட்டி வந்ததும் தலைவலியும் கூடவே வரும்.

அந்தப் பெட்டியில் மூன்று லீவர். கறுப்பு, த்ராட்டில், நம் ஆக்சிலரேட்டர் மாதிரி. நீலம், ப்ரொப்பெல்லர் இறக்கையின் சாய்வை மாற்ற. சிவப்பு, மிக்ஸ்சர்; காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்வது. உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடுவதால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். சிவப்பை ஒரேயடியாக இழுத்துவிட்டால் பெட்ரோல் நின்று இன்ஜின் அணைந்துவிடும். தரையில் இன்ஜினை நிறுத்துவதே அப்படித்தான்.

என் வீட்டில் அது ஆகாயத்திலேயே நின்றது. செஸ்னா 172. ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஜம்மென்று எழும்பும். பரங்கிமலையைத் தாண்டுவதற்குள் 'புஸ்'. அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும்.

சும்மா விளையாட்டு என்றால் விட்டுத் தள்ளியிருப்பேன். ஆனால், என் மைத்துனன் பைலட் ஆவதற்கு அந்த நேரம் பார்த்து வங்கிக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தான். கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு பல லட்சம். மனுவில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா, அதாவது என் மாமனார், பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் டீசல் இன்ஜின் பிரித்துப் பூட்டியவர். பையன் தன் திறமையைக் காட்டுவதாக என் மேஜையில் உட்கார்ந்தான். மூன்று முறை எழும்பினான். மூன்று முறையும் 'புஸ்'.

"பாத்தீங்களா மாப்ளே? இதுக்குத்தான் நான் வேணாங்கறேன்!" என்றார் மாமா. கடன் பாரம் டி.வி. மேல் போய் உட்கார்ந்தது.

"அப்பா, இது கம்ப்யூட்டர்ல வர்ற கோளாறுப்பா. ப்ளேன் மேல தப்பில்ல."

"மிஷின் நின்னா நின்னதுதான்டா."

பையன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "மாமா, நிஜ இன்ஜின்னு வெச்சுக்கிட்டா நீங்க எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"காத்து, எண்ணெய், நெருப்பு. இதுல ஏதோ ஒண்ணு வரலே. டீசலுக்கு நெருப்பு வேணாம், அமுக்குனாலே பத்திக்கும். இது பெட்ரோல் வண்டியாச்சே, மூணையும் பாக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் தொடணும், தெரியுதா?"

முதலில் நெருப்பு. செஸ்னாவில் மேக்னெட்டோ இரண்டு; ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். 1,800 சுற்றில் இன்ஜினை ஓடவிட்டு, சாவியை ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் சுற்று கொஞ்சம் குறையும். 150-க்கு மேல் குறையக் கூடாது. குறையவில்லை. நெருப்பு பாஸ்!

அடுத்தது காற்று. கார்புரேட்டர் உள்ள விமானங்களில் ஈரக்காற்று உள்ளே குளிர்ந்து ஐஸ் கட்டி வழியை அடைத்துவிடும். நம்மூர் வெயிலிலும் அது நடக்கக்கூடிய சங்கதி. "வெயில்ல ஐஸா?" என்று மாமா வாயைப் பிளந்தார். ஆனால், நாங்கள் ஓட்டிய 172 எஸ் மாடலில் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலை நேராகப் பீய்ச்சும் ரகம். காற்றும் பாஸ்!

மீதி எண்ணெய். டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. வால்வு இரண்டு டேங்குக்கும் திறந்திருந்தது. "அப்ப நடுவுல எவனோ அடைக்கிறான்" என்றார் மாமா. மைத்துனனை ஓட்டச் சொல்லிவிட்டு, வெளியே வேடிக்கை பார்க்காமல் டேஷ்போர்டை மட்டும் உற்றுப் பார்த்தார். ரன்வேயில் ஓடி, அவன் ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்ததுதான் தாமதம்...

"மாப்ளே, அந்தச் செவப்புக் குமிழ் தானா வெளிய வருது!"

வந்தது. என் மேஜை மேலிருந்த சிவப்பு லீவரோ வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

செட்டிங்ஸைத் திறந்து பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. ஜாய்ஸ்டிக்கின் அடியில் ஒரு குட்டி ஸ்லைடர் உண்டு. சிமுலேட்டர் (பெயர் எதற்கு?) நம்மைக் கேட்காமலே அதற்கும் 'மிக்ஸ்சர்' உத்தியோகம் கொடுத்து வைத்திருந்தது. ஆக, ஒரு கிளார்க்குக்கு இரண்டு மேனேஜர். கடைசியாக வாய் திறந்த மேனேஜர் சொன்னதுதான் சட்டம். ஸ்லைடருக்குள் இருப்பது கார்பன் பட்டை மேல் ஒரு முள் உரசுகிற சமாசாரம். தூசி சேர்ந்தால், தொடாமலே அதிர்ச்சியில் தப்பு சிக்னல் அனுப்பும். ஜாய்ஸ்டிக்கை இழுத்த குலுக்கலில் அது உளற, 'பெட்ரோலை நிறுத்து' என்று இன்ஜினுக்குக் கேட்டிருக்கிறது. ஸ்லைடரின் உத்தியோகத்தைப் பறித்தேன். செஸ்னா பரங்கிமலையைத் தாண்டி, கிண்டியைத் தாண்டி, கடலுக்கே போய்விட்டது. மைத்துனன் விசில் அடித்தான்.

மாமா விடவில்லை. "த்ராட்டிலை முழுசா இழுத்தாச்சு, அப்பவும் ஆயிரத்துக்கு மேல சுத்துதே? வண்டி எப்படி எறங்கும்?" என்றார். டெப்போ காது! கண்ட்ரோல் பேனலில் கேலிபரேஷன் போட்டுப் பார்த்தால், லீவர் அடிமட்டத்துக்கு வந்தும் கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு முனைக்கும் மெதுவாக நகர்த்திக் கணக்குக் காட்டி, கடைசிக் கொஞ்சத்தை 'டெட் ஸோன்' ஆக்கியதும் இன்ஜின் எழுநூறுக்கு அடங்கியது. இது சின்ன விஷயம் இல்லை. மிச்ச சக்தியோடு இறங்கியே பழகிய கை, நிஜ விமானத்திலும் அதையே செய்யும்.

இதற்குப் பிறகுதான் மாமா அசல் கேள்வியைக் கேட்டார். "பெங்களூர்ல ஒரு ப்ளேன் விழுந்துச்சே... அதுவும் இப்படித்தானா?"

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ320, ரன்வேக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் இறங்கி நொறுங்கியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இன்ஜின் கெடவில்லை என்று சொன்னேன். இறங்கும்போது அது மிகக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விமானிகள் கவனித்துச் சக்தியைக் கூட்டியபோது, ஜெட் இன்ஜின் முழு வேகம் பிடிக்கத் தேவையான சில நொடிகள் மிச்சம் இல்லை.

மாமா மகன் பக்கம் திரும்பினார். "எழும்பினவுடனே இன்ஜின் நின்னா நீ என்னடா பண்ணுவே?"

"மூக்கைக் கீழ எறக்கி, 68 நாட் வேகத்தைப் புடிப்பேன். நேரா எதிர்ல கெடைக்கற எடத்துல எறக்குவேன். ரன்வேக்குத் திரும்பணும்னு ஆசையே படமாட்டேன்ப்பா. உயரம் இல்லாம திரும்பினா விழுந்துடும்."

அவன் யோசிக்கவில்லை, தடுமாறவில்லை. மாமா அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காபி ஆறிப்போச்சு" என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை டி.வி. மேலிருந்த பாரத்தில் பச்சை மையில் கையெழுத்து விழுந்திருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'கிளம்பும் முன் மேக்னெட்டோ, பெட்ரோல், சிவப்புக் குமிழ் மூன்றையும் பார்க்கவும். ஒவ்வொரு தடவையும்.'

மைத்துனன் அதைப் பர்ஸில் வைத்திருக்கிறான். எனக்குத்தான் கஷ்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்தால் என் நாற்காலி காலியாக இருப்பதில்லை. மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு ஏர்பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருக்கிறார்!