பத்தாம் வகுப்போடு பசி நின்றுவிடுமா?

காலை ஏழரைக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். கிராமங்களிலிருந்து கல்லூரிக்குக் கிளம்பி வரும் பிள்ளைகளில் சிலருக்கு டீயும் பன்னும்தான் காலைச் சாப்பாடு. சிலருக்கு அதுவும் இல்லை.

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. அதன் பிறகு? கல்லூரிக்கு வந்தபின் அரசின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தேர்வுக் கட்டணம், நோட்டு, ஜெராக்ஸ் என்று அது கரைந்துவிடுகிறது.

1867-இல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமசாலையில் இன்றும் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. பசி என்று வந்தால் சோறு. விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரி வாசல்களில் அப்படியொரு காலைப் பந்தி போட்டால் என்ன?

முதல் மூட்டை அரிசி என் கணக்கு. யார் யார் சேர்கிறீர்கள்?